நாற்பதில் நான்கு

மூங்கில் பூத்தது.
நாற்பத்தெட்டு வருடம் அடக்கி வைத்திருந்துவிட்டு
மிசோ மலை முழுக்க ஒரே மூச்சில் பூத்தது.
அழகுதான்.
அழகு என்று சொன்ன வாயை
அடுத்த மாதமே கழுவிக்கொண்டோம்.

பூ விதையாயிற்று, விதையைத் தின்று எலி பெருகிற்று,
விதை தீர்ந்த இரவில்
எங்கள் கொல்லைகளுக்கு இறங்கிற்று.
மாலையில் கதிர் சாய்ந்து நின்ற சரிவு
விடியும்போது வெறும் தாள்.
அறுக்கப் போன என் கணவர் கப்சாவுவா
அரிவாளைத் தோளில் மாட்டியபடியே திரும்பி வந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
வெந்நீர் வைத்தேன்.

மூன்றாம் வாரம்
பிடி அரிசி வாங்கும் முறை எனக்கு.
எங்கள் சபையில் அது வழக்கம்:
உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம்
முதல் பிடி ஆண்டவருக்கு,
அடுப்போரத்துத் தகர டப்பாவில்.
சனிக்கிழமை மாதர் சங்கத்திலிருந்து ஒருத்தி
சாக்கோடு வருவாள்.

சாக்கை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன்.
விரித்துப் பிடிக்க வெட்கம்.
ரோதுஆமி வீட்டில் கதவு சாத்தியிருந்தது,
உள்ளே இருமல் கேட்டது.
தட்டாமல் நகர்ந்தேன்.
சாங்லுரா காட்டுவள்ளிக் கிழங்கு ஒன்றை
மண்கூட உதறாமல் போட்டார்.
"நாங்கள் எதைத் தோண்டித் தின்கிறோம் என்று
அவருக்கும் தெரியட்டும்."
போதகர் வீட்டில் அரைப் பிடி அரிசி,
அதிலும் பாதி நொய்.

மலை விளிம்பில் கடைசி வீடு சாய்தாங்கியுடையது.
படியில் உட்கார்ந்து வால் எண்ணிக்கொண்டிருந்தாள்.
எலி வால்.
ஒரு வாலுக்கு அரசாங்கம் இரண்டு ரூபாய் என்றது;
பத்துப் பத்தாக மூங்கில் நாரில் கட்டி
வேளாண்மை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.
நாற்பது இருந்தது.
நான்கை உருவித் தனியே வைத்து
"தசமபாகம்" என்றாள்,
இஞ்சி விலை சொல்வதுபோல.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபம்.
"எதற்கடி தோத்திரம்? எலி அனுப்பியதற்கா?"

"எலிக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்.
அதை அவரிடமே சொல்லிவிட்டேன்,
நேற்று ராத்திரி, கொஞ்சம் சத்தமாகவே.
பிள்ளை விழித்து அழுதான்.
வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், அக்கா.
எழுந்து போகாமல் முழுக்கக் கேட்டார்.
இந்த நான்கு வால்
அதற்கு."

சேம்பிலையில் சுற்றி என் கையில் வைத்தாள்.
இதைச் சபைக் கணக்கில்
எந்தப் பக்கம் எழுதுவது என்று
பொருளாளர் தலையைச் சொறிந்தார்.
பிறகு எழுதினார்:
சாய்தாங்கி, எட்டு ரூபாய், வரவேண்டியது.

வீடு திரும்பினேன்.
சாக்கோடு போகிறவள் வீட்டுக்கு
யாரும் சாக்கோடு வருவதில்லை.
அதனால் யாருக்கும் தெரியாது:
கொல்லை போன நாளிலிருந்து
என் அடுப்போரத்து டப்பா காலி.
கட்டிலுக்கு அடியில்
போன வருடத்து அரிசி இரண்டு தகரம் இருக்கிறது.
அதுவும் யாருக்கும் தெரியாது.

மூடியைத் திறந்தேன்.
பழைய அரிசி வாசனை.
பிடித்த பிடியை
விரல்கள் விட மறுத்தன,
யாரோ பிடுங்க வந்ததுபோல.
டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றேன்.
என்ன சொல்வது என்று தெரியவில்லை.
நன்றி என்று சொன்னால் பொய்யாகிவிடும்.
"இருக்கிறீரா" என்று மட்டும் கேட்டேன்.

கணவர் அடுத்த அறையில் புரண்டு படுத்தார்.
கை மெல்லத் தளர்ந்தது.
தகரத்தில் அரிசி விழும் சத்தம்
இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று
மறந்துபோயிருந்தேன்.

நடுநிசியில்
மலை விளிம்பிலிருந்து
பொறி ஒன்று படீரென்று விழுந்தது.
ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கத்தில்:
ஒன்று.